ஆவேசமும் விகாரமும்: அச்சுதானந்தனின் 2011 தேர்தல் பேச்சும் இதழ்களின் சித்திரிப்பும்

வேட்பாளர் ஒருவர் தம் ஆதரவாளர் முன் உணர்ச்சி மேலிடப் பேசிய பேச்சு, மறுநாள் நாளிதழில் வேறொரு பேச்சாக வந்து நிற்பதை அரசியலாரும் அறிவர், படிப்போரும் அறிவர். சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்ற குறைகூறல் இந்தியத் தேர்தல்களில் சுவரொட்டியைப் போல வழக்கமானது. திரிபு என்று பொதுப்படச் சொல்லிவிடுவதால் மொழியியலுக்குப் பயனில்லை. எந்தக் கூறு எந்தப் படியில் உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் எது வந்து அமர்ந்தது என்று காட்டினால்தான் மொழிபெயர்ப்பாளருக்கும் இதழாளருக்கும் அது உதவும். மலையாளத்தில் பேசப்பட்டு ஆங்கிலத்திலும் தமிழிலும் செய்தியாகும் பேச்சுகள் இதற்கு ஏற்ற தரவுகள். அங்கே ஒலியிலிருந்து எழுத்துக்கு ஒரு பெயர்ப்பும், மொழியிலிருந்து மொழிக்கு மற்றொரு பெயர்ப்பும் ஒருங்கே நிகழ்கின்றன. அவற்றுள் 2011 ஏப்ரலில் வி. எஸ். அச்சுதானந்தன் ராகுல் காந்திக்கு அளித்த மறுமொழி இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

தொண்ணூற்று மூன்று என்னும் எண்

கேரளச் சட்டப் பேரவைத் தேர்தல் 2011 ஏப்ரல் 13 அன்று நடைபெற்றது. அப்போது முதலமைச்சராக இருந்த அச்சுதானந்தன் பாலக்காடு மாவட்டம் மலம்புழைத் தொகுதியில் வேட்பாளர். காங்கிரசின் பொதுச் செயலாளராக இருந்த ராகுல் காந்தி கேரளத்தில் பிரசாரம் செய்தபோது, இடதுசாரி முன்னணியைத் தேர்ந்தெடுத்தால் ஆட்சிக்கால முடிவில் 93 வயது முதலமைச்சரைப் பெறுவீர்கள் என்னும் பொருளில் பேசினார். அச்சுதானந்தன் பிறந்தது 1923 அக்டோபர் 20. பேச்சு நிகழ்ந்த நாளில் அவருக்கு 87 வயது நிறைந்திருந்தது. ஐந்தாண்டு கழித்து 2016 மே மாதத்தில் நிறைந்திருக்கக்கூடியது 92. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு நடப்பில் இருக்கும் என்று கொண்டால் ராகுலின் கணக்கு பொருந்தும். நிறைந்த வயது என்று கொண்டால் பொருந்தாது. தமிழிலும் மலையாளத்திலும் நிறைவும் நடப்பும் வேறு வேறாகச் சுட்டப்படுவன. ஆங்கிலப் பேச்சு வழக்கில் அவ்வேறுபாடு பெரிதும் இல்லை. சிறு செய்திதான். ஆயினும் ஒரு தேர்தல் வாக்குவாதம் முழுவதும் சுற்றிச் சுழன்ற எண்ணே இவ்வாறு மொழிக்கு மொழி இடம்பெயரக் கூடியது என்பது கருதத்தக்கது.

அந்நாள்களின் பிரசாரத்தில் அச்சுதானந்தன் அளித்த மறுமொழியில் இரண்டு கூறுகள் இருந்தன. ஒன்று, டி. எஸ். திருமும்புவின் கவிதை வரிகளை மேடையில் சொன்னது. திருமும்பு வட கேரளத்தைச் சேர்ந்தவர். விடுதலைப் போராட்டக் காலத்துக் கவிஞர். நரையை முதுமைக்கும், நரையின்மையை இளமைக்கும் அடையாளமாக்குவதை மறுத்து, கொடுமைக்குத் தலைவணங்காமையை இளமையின் அளவுகோலாக வைக்கும் வரிகள் அவை. மற்றொன்று, ராகுல் காந்தியை 'அமுல் பேபி' என்று குறித்தது. பிற அமுல் பேபிகளுக்கு வாக்குக் கேட்க வந்திருக்கும் அமுல் பேபி என்பது அக்கூற்றின் சாரம்.

இவ்விரண்டும் ஒரே வாதத்தின் இரு கைகள். வயதைக் குறையாக்கிய எதிர்த்தரப்புக்கு, வயது எதனால் அளக்கப்பட வேண்டும் என்று கவிதை விடை சொல்கிறது. அந்த அளவுகோலால் அளந்து பெற்ற முடிவைக் கேலிப்பெயர் சொல்கிறது. முன்னதை நீக்கிப் பின்னதை மட்டும் நிறுத்தினால் விடை மறைந்து வசவு எஞ்சும். ஆங்கில இதழ்களின் தலைப்புகளில் நேர்ந்தது அதுவே.

தலைப்பில் நின்ற சொல்

மலையாள இதழ்களும் தொலைக்காட்சிகளும் இரண்டையும் எடுத்துக்காட்டின. அச்சுதானந்தன் அவ்வரிகளைச் சொல்லும் ஒளிப்பதிவு பல ஆண்டுகள் மறு ஒளிபரப்பில் இருந்தது. கேரளத்துக்கு வெளியே நிலை வேறு. ஆங்கிலத் தலைப்புகளில் ஏறி நின்றது 'அமுல் பேபி' ஒன்றே. உட்பகுதியில் கவிதையின் கருத்தைச் சுருக்கிச் சொன்ன செய்திகளும் உண்டு. ஆனால் தலைப்பைப் படிப்பவர் தொகையும் உட்பகுதியைப் படிப்பவர் தொகையும் ஒன்றல்ல.

இத்தேர்வுக்கு அரசியல் சார்பைக் காரணமாக்குவது எளிது. மொழி சார்ந்த காரணமே வலுவானதாகத் தோன்றுகிறது. 'அமுல் பேபி' என்பது மலையாளத் தொடருக்குள் ஏற்கெனவே ஆங்கிலமாக இருந்த துண்டு. அதைப் பெயர்க்க வேண்டியதில்லை, அப்படியே எடுத்துவைக்கலாம். கவிதையோ எதுகையாலும் இணைநிலையாலும் எதிர்மறைகளாலும் கட்டப்பட்டது. இரவுப் பதிப்புக்கு முன் அரை மணி நேரத்தில் அதை ஆங்கிலப்படுத்துவது எத்துணைத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளருக்கும் அரிது. ஆகவே பெயர்க்க எளியது நின்றது; பெயர்க்க அரியது விழுந்தது. பிறமொழிப் பேச்சைச் செய்தியாக்கும்போது, பேச்சிலுள்ள ஆங்கிலச் சொற்கள் தம் அளவுக்கு மீறிய முதன்மை பெறுவதை வேறிடங்களிலும் காணலாம்.

எர்விங் காஃப்மன் 1981இல் வெளியிட்ட 'பேச்சின் வடிவங்கள்' என்னும் நூலில், பேசுபவர் என்ற ஒற்றைக் கருத்தை ஒலிப்பவர், சொற்களை ஆக்கியவர், நிலைப்பாட்டுக்குப் பொறுப்பேற்பவர் என மூன்றாகப் பிரித்தார். கவிதையைச் சொல்லும்போது அச்சுதானந்தன் ஒலிப்பவரும் பொறுப்பேற்பவரும் ஆவார், ஆக்கியவர் திருமும்பு. கேட்ட கூட்டத்தில் பலருக்கு அது தெரியும். போராட்டக் காலத்துக் கவிஞரின் சொல்லை அக்காலத்திலேயே இயக்கத்தில் இருந்த ஒருவர் சொல்கிறார் என்னும் நினைவே அவ்வரிகளுக்கு வலிமை தந்தது. கேலிப்பெயரிலோ மூன்று நிலைகளும் ஒருவர்பாலே குவிகின்றன. தலைப்பு இரண்டாவதை மட்டும் எடுத்தபோது, மரபைத் துணைக்கழைத்த பேச்சாளர் நாவடக்கமற்ற முதியவராகச் சுருங்கினார். ராகுல் சுமத்திய குற்றச்சாட்டுக்கு அச்சித்திரிப்பு தானறியாமல் சான்று தேடிக் கொடுத்தது எனலாம்.

தமிழில் இச்சொல்லுக்கு வேறொரு சிக்கல் உண்டு. தமிழ்ப் பேச்சு வழக்கில் 'அமுல் பேபி மாதிரி' என்பது கொழுகொழுவென்ற குழந்தையைக் கொஞ்சும் தொடர். வளர்ந்த ஆணைக் குறித்தாலும் சிவந்த, மொழுமொழுவென்ற தோற்றத்தையே அது முதலில் நினைவூட்டும். அச்சுதானந்தன் கருதியது வெயிலும் பசியும் அறியாத வளர்ப்பு. ஆகவே ஒலிபெயர்த்து எழுதும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் சொல்லைக் காப்பாற்றி ஏளனத்தை இழக்கிறார். 'பால்குடி மறவாத பிள்ளை' என்று எழுதுபவர் ஏளனத்தைக் காப்பாற்றி, செல்வ வளர்ப்பு என்னும் குறிப்பையும் வணிகப் பெயரின் புதுமையையும் இழக்கிறார். இரண்டாவது இழப்பு சிறியது. எனினும் மேற்கோள் குறிக்குள் 'பால்குடி மறவாத பிள்ளை' என்று இட்டால், அச்சுதானந்தன் சொல்லாத சொல் அவர் வாயில் ஏறிவிடும். அயற்கூற்றாக எழுதி, மூலச் சொல்லை ஒருமுறை சுட்டிச் செல்வதே தக்கது.

ஒரே சொல், இரு மொழி

ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு மலையாளம் அண்மையானது என்பதால் தமிழ்ப் பெயர்ப்பில் பிழை குறையும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. உணர்ச்சிச் சொற்களைப் பொறுத்தவரை அவ்வண்மையே இடராகிறது. மலையாள இதழ்கள் தேர்தல் மேடையைப் பற்றி எழுதும்போது மிகுதியாக ஆளும் மூன்று வடசொற்களைப் பார்க்கலாம்: பிரசங்கம், ஆவேசம், விகாரம்.

மலையாளத்தில் பிரசங்கம் என்பது எந்தச் சொற்பொழிவுக்கும் உரிய நடுநிலைச் சொல். தமிழில் அது கிறித்தவத் தேவாலயத்துக்கும் சமயக் கதை மேடைக்கும் உரியதாக ஒதுங்கிவிட்டது. அவற்றுக்கு வெளியே வந்தால் 'அதிகப்பிரசங்கி' என்பதன் நிழல் அதன்மேல் விழுகிறது.

ஆவேசம் உட்புகுதல் என்னும் பொருள்தரும் வடமொழி வேரிலிருந்து வந்தது. தமிழில் சாமி ஏறுவதையும் கட்டுக்கடங்காத சினத்தையும் குறிக்கும். மலையாளத்திலோ அதன் நடு இடம் உற்சாகம், எழுச்சி. தலைவருக்கு 'ஆவேசகரமாய ஸ்வீகரணம்' என்று மலையாளச் செய்தி எழுதினால், மக்கள் மகிழ்ந்து ஆரவாரத்தோடு வரவேற்றனர் என்பது பொருள். அதைத் தமிழில் 'ஆவேச வரவேற்பு' என்று பெயர்த்தால் கல்லெறி நிகழ்ந்ததோ என்று படிப்பவர் ஐயுறுவர். 2024இல் 'ஆவேசம்' என்ற பெயரில் வெளிவந்த மலையாளத் திரைப்படத்தின் தலைப்பை வெறும் சினம் என்று எடுத்துக்கொண்ட தமிழர் அப்பெயரில் உள்ள கொண்டாட்டத்தைத் தவறவிட்டிருப்பர்.

விகாரம் இன்னும் தொலைவு சென்ற சொல். மலையாளத்தில் அது மன உணர்ச்சியைக் குறிக்கும் பொதுச் சொல். 'விகாரபரிதமாய பிரசங்கம்' என்றால் உணர்ச்சி ததும்பும் உரை. தமிழில் விகாரம் அருவருப்பான தோற்றம். இலக்கண நூலாருக்குத் தோன்றல், திரிதல், கெடுதல். அவசரத்தில் பெயர்க்கப்படும் செய்தியில் இச்சொல் தமிழ்ப் பொருளோடு நுழைவதில்லை. கண்ணுக்கே தவறு தெரிந்துவிடும். ஆவேசமோ தவறு என்று தோன்றாமலே நுழைந்துவிடுகிறது. 'ஆவேசப் பேச்சு' என்பது தமிழ் நாளிதழ்களின் பழகிய தலைப்புத் தொடர் ஆகையால் அதை யாரும் நிறுத்தி வினவுவதில்லை. மகிழ்ச்சியோடு பேசியவர் வெகுண்டு பேசியவராவது இவ்வழியில்தான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் எண்வகையில் வைத்துச் சொன்னால், உவகையும் பெருமிதமும் வெகுளியாகப் பெயர்க்கப்படுகின்றன.

திருவனந்தபுரம் இவ்விரு மொழி அச்சுக்கும் பழகிய நகரம். 1951இல் 'தினமலர்' அங்கேதான் தொடங்கப்பட்டது. தென் திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகள் 1956இல் தமிழகத்தோடு இணையும்வரை ஒரே அரசின் செய்தியை இரு மொழியிலும் படித்த மக்கள் அங்கு இருந்தனர். இரண்டையும் அன்றாடம் பேசுவோருக்கு ஆவேசத்தின் இரு பொருள்களும் தெரியும். மொழிபெயர்ப்பு மேசைகள் சென்னைக்கும் கொச்சிக்கும் பெயர்ந்தபின் அவ்வகை இருமொழியாளர் அருகிவிட்டனர்.

சொற்களைக் கடந்து இலக்கணத்திலும் ஒரு வேறுபாடு உள்ளது. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. திருவனந்தபுரத்தில் பேராசிரியராக விளங்கிய ஏ. ஆர். ராஜராஜவர்மா இதனைக் 'கேரளபாணினீய'த்தில் புருஷபேதநிராசம் என்று பெயரிட்டு, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த நெறிகளுள் ஒன்றாக வைத்தார். ஆகவே 'ராகுல் பறஞ்ஞு' என்ற தொடர் மதிப்பும் காட்டாது, மதிப்பின்மையும் காட்டாது. தமிழில் சொன்னான், சொன்னார் என்ற இரண்டுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். இதழ் மரபு 'ஆர்' விகுதியையே கொள்ளும். ஏளனம் செய்யும் பேச்சாளரின் வாயில் மொழிபெயர்ப்பாளர் மரியாதையை ஏற்றிவைக்க, ஏளனச் சொல் மட்டும் அதற்குள் துருத்தி நிற்கும். நேர்கூற்றில் 'ஆன்' விகுதி இட்டாலோ மூலத்தில் இல்லாத வசவு சேரும். இதற்குத் தூய தீர்வு இல்லை. வினைமுற்றைத் தவிர்த்துப் பெயர்ப் பயனிலையால் தொடரை முடிப்பது ஓரளவு உதவும்.

நீட்டமும் ஒலிவாங்கியும்

அச்சுதானந்தனின் மேடைப் பேச்சைக் கேட்டோர் முதலில் நினைவுகூர்வது அதன் இசைக்கோலத்தை. தொடரின் இறுதி அசையை நீட்டுதல், ஒரே தொடரை மீண்டும் எடுத்துச் சொல்லுதல், எதிர்பாராத இடத்தில் நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்தல், சுருதியை ஏற்றி இறக்குதல் ஆகியவை அதன் கூறுகள். கேரளத்தின் பலகுரல் கலைஞருள் அவரைப் பின்பற்றிப் பேசாதவர் அரியர். 1993இல் ஏசியாநெட் ஒளிபரப்பைத் தொடங்கியபின் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் அரசியல்வாதியரின் குரல்கள் நிலையான பாத்திரங்கள் ஆயின. அச்சு ஊடகம் இசைக்கோலத்தை நீக்கிச் சொல்லை வைத்துக்கொண்டது. தொலைக்காட்சி நகைச்சுவை சொல்லை நீக்கி இசைக்கோலத்தை வைத்துக்கொண்டது.

இந்நீட்டம் வெறும் பழக்கமா, பயனுடைய உத்தியா? ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தையற்கடையிலும் கயிற்றுத் தொழிற்சாலையிலும் வேலை செய்த அச்சுதானந்தன், 1940களில் குட்டநாட்டு விவசாயத் தொழிலாளரிடையே இயக்கப் பணிக்கு அனுப்பப்பட்டவர். நீரும் வயலுமான வெளியில், ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் பேசுபவர் அசையை நீட்டியும் தொடரை மடித்துச் சொல்லியும் ஆகவேண்டும். தொல்காப்பியர் விளிமரபில், சேய்மையில் உள்ளாரை விளிக்கும்போது ஓசை தன் அளவு கடந்து நீளும் வழக்கத்தை இலக்கணமாக்கியிருக்கிறார். தொலைவு நீட்டத்தை வேண்டுகிறது. நீட்டம் தொலைவைக் குறிக்கிறது. ஒலிபெருக்கி வந்தபின்னும் அந்நீட்டம், பெரிய கூட்டத்தை அழைக்கும் குரலுக்கு அடையாளமாக நின்றுவிட்டது எனக் கொள்ளலாம்.

தொலைவை நீக்கிவிட்டு நீட்டத்தை மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஹவர்டு டீனின் பேச்சு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்ற அவர், 2004 ஜனவரி 19 அன்று அயோவா மாநிலத்தில் மூன்றாம் இடம் பெற்றார். அன்றிரவு வெஸ்ட் டெ மாயின் நகரில் ஒரு நடன அரங்கில் திரண்டிருந்த ஆதரவாளரிடம், அடுத்துப் போட்டியிடவிருக்கும் மாநிலங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, இறுதியில் ஓர் உரத்த கூவலோடு முடித்தார். அரங்கில் ஆரவாரம் அவர் குரலை மூழ்கடிக்குமளவுக்கு இருந்தது. அவர் கையிலிருந்ததோ ஒரு திசை ஒலிவாங்கி. வாய்க்கு அண்மையில் உள்ள ஒலியை மட்டும் வாங்கி, சுற்றுப்புற ஒலியைத் தள்ளிவிடும் வகையினது. தொலைக்காட்சியில் கேட்டது ஆரவாரம் இல்லாத கூவல். நான்கு நாள்களில் அத்துண்டு தேசிய அலைவரிசைகளில் 633 முறை ஒளிபரப்பானதாகக் கணக்கிடப்பட்டது. கூட்டத்தினுள்ளிருந்து பதிவான ஒலியைப் பின்னர் ஏபிசி நிறுவனம் ஒளிபரப்பியபோது, அதே கூவல் இரைச்சலில் கரைந்து கேட்டது. அதற்குள் வேட்பாளர் நிதானமற்றவர் என்ற கருத்து வேரூன்றியிருந்தது.

அங்கே ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை, மொழிபெயர்க்கப்படவும் இல்லை. பொய்யான ஒலி எதுவும் சேர்க்கப்படவில்லை. கேட்போரை நீக்கியதே முழு மாற்றம். இந்திய மேடைகளில் அலைவரிசைகளின் சின்னம் பொறித்த ஒலிவாங்கிகள் பேச்சாளர் முகத்துக்கு நேரே கொத்தாகக் கட்டப்படுவதைக் கண்டோர், இங்கும் அதுவே நாள்தோறும் நிகழ்வதை உணர்வர். பேச்சாளர் நிறுத்திய இடத்தில் கூட்டம் என்ன செய்தது என்பது பதிவில் இல்லை. மாக்ஸ் அட்கின்சன் 1984இல் வெளியிட்ட மேடைப் பேச்சு ஆய்வில், கைதட்டலை வரவழைக்கும் உத்திகளாக எதிர்நிலைத் தொடரையும் மூன்றன் அடுக்கையும் எடுத்துக்காட்டினார். கூட்டத்தின் மறுவினையையும் நொடிக்கணக்கில் பதிந்ததே அவ்வாய்வின் சிறப்பு. தமிழ் மேடையைப் பற்றிய பெர்னார்டு பேட்டின் 2009 ஆம் ஆண்டு நூலும் மேடை, கூட்டம், சுவரொட்டி அனைத்தையும் ஒன்றாக வைத்தே பேச்சை நோக்கியது. இதழாளரிடம் இவ்வளவு எதிர்பார்க்க முடியாதாயினும், கூட்டம் சிரித்ததா கைதட்டியதா என்று ஒரு சொல்லில் குறிப்பது கடினமன்று.

மூன்றன் அடுக்கு வழக்குமன்றம் வரை சென்றதும் கேரளத்தில் உண்டு. 2012 மே 25 அன்று தொடுபுழைக்கு அருகே மணக்காட்டில் கட்சியினரிடையே எம். எம். மணி பேசியபோது, அரசியல் எதிரிகள் கொல்லப்பட்டதைப் பற்றி 'ஒன், டூ, த்ரீ' என எண்ணிச் சொன்ன பகுதி அலைவரிசைகளில் ஓடியது. அப்பேச்சையொட்டிப் பழைய கொலை வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டு அவர் கைதானார். 2022இல் கேரள உயர் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. பேச்சின் பொருள் கொடியது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயினும் மேடை அடுக்கு, வீம்பு, ஒப்புதல் வாக்குமூலம் ஆகிய மூன்றும் ஒரே எழுத்துவடிவில் எழுதப்படக்கூடியவை. எழுத்தை மட்டும் கண்டு அவற்றை வேறுபடுத்த இயலாது.

நாயும் உம்மையும்

தேர்தல் மேடை அன்றாயினும் அச்சுதானந்தனைப் பற்றிய வேறொரு செய்தி இங்கு விலக்க முடியாதது. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலில் உயிர்நீத்த மேஜர் சந்தீப் உண்ணிகிருஷ்ணனின் பெங்களூரு இல்லத்துக்கு ஆறுதல் கூறச் சென்ற முதலமைச்சரை, துயரில் இருந்த தந்தை ஏற்க மறுத்தார். பின்னர்ச் செய்தியாளரின் வினாவுக்கு அச்சுதானந்தன் அளித்த விடை, சந்தீப்பின் வீடாக இல்லாவிட்டால் 'ஒரு பட்டியும்' அங்குத் திரும்பிப் பார்த்திராது என்பது. பட்டி மலையாளத்தில் நாய். 'நாய்கூட அந்த வீட்டுக்குப் போயிருக்காது' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்புகள் நாடெங்கும் சென்றன. அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

நன்னூலார் உம்மைக்குச் சொல்லும் எட்டுப் பொருள்களுள் சிறப்பும் முற்றும் உள்ளன. இழிவு சிறப்பும்மைக்கு 'நாயும் தின்னாது' என்பது இலக்கண வகுப்பறைகளில் வழங்கும் எடுத்துக்காட்டு. 'ஒரு நாயும் எட்டிப்பார்க்கவில்லை' என்று தமிழர் சொல்லும்போது ஒருவருமே வரவில்லை என்பதே கருத்து. நாயின் வருகை பேச்சுப்பொருளன்று. ஒரு என்ற எண்ணடையும் உம்மையும் எதிர்மறை வினையும் சேர்ந்து முற்றுப் பொருளைத் தருகின்றன. இழிவு அதில் சாயலாக மட்டுமே நிற்கிறது. ஆங்கிலத்தில் அச்சாயல் பொருளின் நடுவுக்கு வந்துவிட்டது. வந்து திரும்பியவர் பேச்சாளரே ஆகையால், மலையாளத் தொடரின்படி நாய் என்ற சொல்லின் வீச்சுக்குள் முதலில் அகப்படுபவரும் அவரே. இந்த நுட்பம் எந்த ஆங்கிலப் பெயர்ப்பிலும் எஞ்சவில்லை.

இதனால் அக்கூற்று குற்றமற்றதாகிவிடாது. மகனை இழந்த வீட்டைக் குறித்துச் சொல்லத்தகாத மரபுத்தொடர் அது. மலையாளத்திலேயே கேட்டோர் முகஞ்சுளித்தனர். ஆனால் மலையாளிகள் கண்டித்தது தகாத இடத்தில் ஆளப்பட்ட கொச்சைத் தொடரை. ஆங்கிலத்தில் படித்தோர் கண்டித்தது ஒரு குடும்பத்தை நாயோடு சேர்த்துப் பேசிய இழிசொல்லை. ஒரே கண்டனம்போல் தோன்றிய இரண்டும் வேறு வேறு குற்றத்துக்கு உரியவை.

மேடையிலேயே ஒரு பெயர்ப்பு

ராகுல் காந்தியின் பக்கத்தையும் நோக்க வேண்டும். அவர் ஆங்கிலத்தில் பேச, அருகில் நின்று ஒருவர் மலையாளப்படுத்துவார். கூட்டம் எதிர்வினை காட்டுவது பெரும்பாலும் இரண்டாம் குரலுக்கு. 2019இல் அவர் வயநாட்டின் வேட்பாளராக இருந்தபோது, ஏப்ரல் 16 அன்று பத்தனம்திட்டையில் மொழிபெயர்த்த பி. ஜே. குரியன் பலமுறை குனிந்து மீண்டும் கேட்க நேர்ந்தது. சில தொடர்கள் மாறியும் வந்தன. பேச்சு தமக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று அவர் பின்னர் விளக்கினார். ஒலிபெருக்கிகள் கூட்டத்தை நோக்கியிருக்க, மேடையில் நிற்பவருக்கு ஒலி மங்கலாகவே வரும் என்பது மேடை மொழிபெயர்ப்பில் ஈடுபட்டோர் அறிந்தது. ஒரு மாதம் முன்பு, மார்ச் 13 அன்று, நாகர்கோவிலில் தமிழ்ப்படுத்திய கே. வி. தங்கபாலுவின் தடுமாற்றமும் நகைச்சுவைத் துண்டாகவே பரவியது. அதே தேர்தலில் ஜோதி விஜயகுமாரின் மொழிபெயர்ப்பு, மூலப் பேச்சாளரின் எழுச்சியையும் குரலில் ஏற்றிச் சொன்னதென்று புகழப்பட்டது. புகழ்ச்சியிலும் நகைப்பிலும் செய்தி மொழிபெயர்ப்பாளரைப் பற்றியதாகவே அமைந்தது. அன்று சொல்லப்பட்டது என்ன என்பது பின்னுக்குப் போயிற்று.

அச்சுதானந்தனுக்கு அப்போது 95 வயது. 2011இல் தாம் சொன்ன அமுல் பேபி என்ற பெயரை 2019 ஏப்ரலில் மீண்டும் நினைவூட்டி எழுதினார். இம்முறை கவிதை இல்லை. தலைப்பில் நின்ற சொல்லையே பேச்சாளரும் தம் பேச்சாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

அவர் 2025 ஜூலை 21 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். உடலை ஆலப்புழைக்குக் கொண்டுசென்ற வழியெங்கும் ஒலித்த முழக்கம் 'கண்ணே கரளே வீயெஸ்ஸே'. 2006இல் அவருக்கு வேட்பாளர் வாய்ப்பு மறுக்கப்பட்டுப் பின் வழங்கப்பட்ட நாள்களிலிருந்து ஆதரவாளர் எழுப்பி வந்தது அது. மூன்று விளிகள், மூன்றும் ஏகாரத்தில் முடிந்து அளவு கடந்து நீள்பவை. அவர் பேச்சில் கேட்ட நீட்டத்தைக் கூட்டம் திருப்பி அனுப்பியதுபோல் இருக்கும். கரள் கல்லீரல்; மலையாளத்தில் அன்பின் இருப்பிடம். தமிழில் ஈரக்குலை அச்சத்தில் நடுங்குவதற்கே உரியது; அன்புக்கு நெஞ்சு வேண்டும். 'கண்ணே, நெஞ்சே' என்று பெயர்த்தால் பொருள் வரும், முழக்கம் வராது. கரளே என்பதைத் தமிழ் எழுத்தில் அப்படியே இட்டு, அடுத்து ஒரு தொடரில் விளக்குவதற்கு நாளிதழின் பத்தியில் இரண்டு வரி போதும்.